அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கூட்டுப் பட்டறைகளில் மலிவு விலை ஸ்க்ரோல் சா: தேர்வும் தேர்வாளர்களும்

1. ஆய்வுப் பொருள்

மெல்லிய பலகையை நெளிவு சுளிவாக அறுக்கும் மேசை இயந்திரம் ஸ்க்ரோல் சா. நரம்பு போன்ற பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துள்ளும். பலகையை நாம்தான் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொலுவுக்குத் தோரண வளைவு, வாசலுக்குப் பெயர்ப் பலகை, பேரனுக்கு மரப்புதிர் ஆகியன இதன் பயன்.

இதைத் தனியொருவர் வாங்குவதில் ஆய்வுக்கு இடமில்லை: பணம் இருக்கும், வீட்டில் அனுமதி இருக்காது. பலர் கூடி வாங்கும்போது எல்லா வீடுகளும் மகிழ்ச்சியோடு அனுமதித்துவிடுகின்றன. இயந்திரம் வேறொருவர் வீட்டில்தானே இருக்கப்போகிறது! அப்போது பணம் மறைந்துவிடுகிறது. இம்முரணே இவ்வாய்வின் தோற்றுவாய்.

2. ஆய்வுக் களம்

களம், திருமுல்லைவாயிலில் கார் இல்லாத ஒரு கார் ஷெட். ஊர்த்தேர்வு தற்செயலானதன்று. இங்குள்ள மாசிலாமணீஸ்வரர் கோயில் கருவறை முன்னே வெள்ளெருக்கால் ஆன இரு தூண்கள் நிற்கின்றன. எருக்கஞ்செடியைத் தூணாக்கிய ஊரில் ப்ளைவுட்டை மயிலாக்குவது அரிதன்று என்பது உறுப்பினர் துணிபு. இதுவரை வந்த மயில்கள் கோழிக்கே நெருக்கமாயினும் துணிபு தளரவில்லை. உறுப்பினர் மூன்று ஊர்களிலிருந்து வருவதால் கட்சிகளும் மூன்றாயின.

3. முக்கட்சி வழக்கு

3.1 ஆவடிக் கட்சி. இக்கட்சி கனத்தைப் போற்றுவது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் அது. ஒரே ஆள் தூக்கிவிடக்கூடிய எதையும் இயந்திரம் என்று இக்கட்சியார் ஒப்புவதில்லை. இதை ஊர்ப்பற்று என்று தள்ளுதல் ஆகாது. என்னை? மலிவு இயந்திரங்களில் மேற்கை, கீழ்க்கை இரண்டும் சேர்ந்து ஆடும். அடிப்பாகம் வெறும் தகடாக இருந்தால் மேசையும் கூட ஆடும். கோடு ஒரு பக்கம் போக பிளேடு ஒரு பக்கம் போகும். வார்ப்பிரும்பு அடிப்பாகமே தீர்வு. சோதிக்கும் முறை: மேசைமேல் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி இயந்திரத்தை ஓட்டுக. விழுந்தால் இயந்திரம் தோற்றது. விழுந்த நாணயம் யாருக்கு என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

3.2 அம்பத்தூர்க் கட்சி. 1964இல் எழுந்த தொழிற்பேட்டையில் லேத்துக்கு முன்னே ஆயுளைக் கழித்தவர்கள் இவர்கள்; எண்ணாகச் சொல்லாத எதையும் நம்பார். நிமிடத்துக்கு எத்தனை துள்ளல் என்பதே இவர்தம் முதல் கேள்வி. ஏறக்குறைய 500 முதல் 1,600 வரை கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும் என்பர். அது மெய்யே: வேகம் மிஞ்சினால் தேக்கு கருகும், அக்ரிலிக் உருகி, அறுத்த வழி நமக்குப் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவரும் இயந்திரத்தையும் இவர்கள் எதிர்ப்பர். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், சூடும் ஏறும். மருமகனிடம் இதை எடுத்துச் சொல்வார் இல்லை.

“பேட்டையில் லேசர் கட்டிங்குக்குக் கொடுத்தால் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடுமே” என்பது இக்கட்சியின் இன்னொரு கருத்து. இது உண்மையாதலின் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

3.3 பூந்தமல்லிக் கட்சி. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் பூந்தமல்லி. அம்மரபில் வந்தோர் காற்றையே முதற்பொருளாகக் கொள்வது இயல்பு. பிளேடின் அருகே தூளை ஊதித் தள்ளும் குழாய் இல்லையேல், வரைந்த கோடு தூளில் மறைந்துபோகும். ஆனால் ஊதிய தூள் எங்கே செல்லும்? பக்கத்தில் நிற்பவர் மூக்குக்குள். எம்.டி.எஃப். பலகைத் தூளோ மாவினும் நுண்ணியது. ஆகவே ஊதும் குழாயோடு, வாக்குவம் கிளீனரை மாட்ட ஒரு துளையும், ஆளுக்கொரு முகக்கவசமும் வேண்டும் என்று இக்கட்சி திருத்தம் கொண்டுவந்தது. திருத்தத்தைத் தும்மியவாறே அனைவரும் ஏற்றனர்.

4. நிலப்படச் சோதனை

பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடைவெளி எவ்வளவு வேண்டும்? மலிவானவை பெரும்பாலும் 16 அங்குலம். அதற்குமேல் போகப் போக விலையும் ஏறும். இதைத் தீர்க்க, 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி அறுத்த முறையைப் பின்பற்றி, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் புதிராக அறுப்பதாகக் கொள்க. பலகை 60க்கு 50 செ.மீ. அதன் நட்ட நடுவில் பிளேடு நிற்க, எப்பக்கம் சுழற்றினாலும் மூலை சுமார் 39 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். 16 அங்குலமோ 40 செ.மீ.க்குச் சற்று மேல். விளிம்போர மாவட்டங்களுக்கு வெளியிலிருந்தே நுழையலாம். எனவே தமிழ்நாட்டுக்கு 16 அங்குலம் போதும். இந்தியாவை அறுக்க விரும்புவோர் தனியே நிதி திரட்டுக.

இச்சோதனையில் எதிர்பாராத எல்லைத் தகராறு ஒன்று எழுந்தது. மாநிலம் வடக்கு தெற்காகச் சுமார் 600 கி.மீ.; ஆகவே பலகையில் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பிளேடு தின்னும் தடம் 0.4 மி.மீ. எனின், எல்லைக்கோடு நெடுக 400 மீட்டர் நிலம் தூளாகிறது. 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டம். ஆவடி திருவள்ளூர் மாவட்டம். அந்த 400 மீட்டரை எந்தப் பக்கத்தில் எடுப்பது என்ற விவாதத்தில் வீட்டுமனை விலைகள் வரை பேசப்பட்டன. தூள் மட்டும் பூந்தமல்லியார் பக்கம் சென்றது.

5. கண்டறிந்தவை

கனம், வேகம், காற்று மூன்றும் வேண்டியவையே. எனினும் கூட்டுப் பட்டறையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பிளேடு பிடிக்கும் கவ்வி. அஃது எவ்வாறு எனின்:

பிளேடு இருவகை. முனையில் குறுக்கு ஊசி உள்ளது ஒன்று; ஊசியற்றது மற்றொன்று. மயிலின் கண்ணை உள்ளே அறுக்க வேண்டுமானால், முதலில் துளையிட்டுப் பிளேடை நுழைக்க வேண்டும். ஊசியுள்ள பிளேடு நுழையச் சுமார் 5 மி.மீ. துளை தேவை, மயிலுக்குக் கண்ணே அவ்வளவுதான். ஊசியற்றதற்கு 2 மி.மீ. போதும். ஊசியுள்ளதை மட்டும் ஏற்கும் இயந்திரம் விலையில் குறைவு, பயனிலும் குறைவு.

இனிப் பொதுவுடைமைக்கு வருவோம். 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1968இல் காரெட் ஹார்டின், பொதுப் புல்வெளியை ஆளாளுக்கு மேய்த்து அழிப்பார்கள் என்றார். விதியும் கண்காணிப்பும் இருந்தால் மக்கள் அழிக்கமாட்டார்கள் என்று 1990இல் நூல் எழுதிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஷெட்டில் மூவருக்கும் சான்று உண்டு. இயந்திரத்தை எவரும் அழிக்கவில்லை. அழிந்தது பிளேடு. பொதுப் பிளேடு மழுங்கினால் அடுத்தவர் மாற்றுவார் என்று ஒவ்வொருவரும் இருப்பர். மழுங்கியதோடு பலகையை அழுத்துவர். பிளேடு முறியும், மோட்டார் முனகும். ஆகவே இயந்திரம் பொது, பிளேடு அவரவர் சொந்தம் என்ற கலப்புப் பொருளாதாரமே நிலைக்கும். அப்படியானால் ஆள் மாறும்போதெல்லாம் பிளேடும் மாறும். ஆலன் கீ இல்லாமல் கையாலேயே திருகி மாற்றும் கவ்வி இதனால்தான் உயிர்நாடி. கூட்டுப் பட்டறையில் முதலில் காணாமற்போவது ஆலன் கீ அல்லவா?

6. பரிந்துரை

16 அங்குலம், வார்ப்பிரும்பு அடிப்பாகம், வேகத் திருகு, ஊதும் குழாய், வாக்குவம் துளை, ஊசியற்ற பிளேடுக்குக் கைத்திருகுக் கவ்வி. மிஞ்சும் பணத்தில் மின்விளக்கு, கால்மிதி போன்ற அலங்காரங்களைத் தவிர்த்து, ஆளுக்கொரு கட்டு பிளேடு வாங்குக. பல் கீழ்நோக்கி மாட்டுக. மேல்நோக்கி மாட்டினால் பலகை எழுந்து குதிக்கும்.

தண்டனை படிப்படியாக உயர வேண்டும் என்பது ஆஸ்ட்ரம் கண்ட நெறி. அதன்படி, அடுத்தவர் பிளேடை எடுத்தவர் முதல் முறை அனைவருக்கும் டீ வாங்குக. இரண்டாம் முறை ஷெட்டைப் பெருக்குக. மூன்றாம் முறையும் எடுத்தால் அவரே அவ்வாண்டின் பொருளாளர்.