கனம் எங்கேயோ, பட்டி அங்கே

பறவைகளைப் படம் பிடிக்க நிக்கொன் 200-500 லென்ஸ் வாங்கினேன். கமராவோடு வந்த பட்டியையே கழுத்தில் போட்டுக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிறேன். அது போதாதா அண்ணை?
— வாசகர், கிளிநொச்சி

பட்டி தாங்கும் தம்பி. பட்டி கொழுவியிருக்கிற இடம்தான் பிழை. உங்கள் லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. கமரா பெரும்பாலும் ஒரு கிலோகூட வராது. கமராவின் இரண்டு காதிலும் பட்டியை மாட்டினால், பாரமான பொருளை லேசான பொருளில் தொங்கவிடுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் உலோக வளையமும் அதைக் கமராவோடு பிடித்திருக்கும் சில சின்னத் திருகாணிகளும்தான். சும்மா நிற்கும்போது அவை தாங்கும். கட்டிலிருந்து சறுக்கி இறங்கி, கடைசி அடியைக் குதித்து வைக்கிறீர்களே, அந்த ஒரு கணத்தில் 2.3 கிலோ பல மடங்காகி அந்த வளையத்தை இழுக்கும்.

லென்ஸின் நடுவில் ஒரு பட்டையும் அதன் கீழே பாதம் போல ஒரு துண்டும் இருக்கிறதல்லவா? முக்காலியில் பூட்டத் தந்தது என்று பலர் அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவார்கள். எடுத்துப் பூட்டுங்கள். பட்டியை அந்தப் பாதத்தில் கொழுவுங்கள். பாரத்தின் நடு அங்கேதான் இருக்கிறது. லென்ஸ் பட்டியில் தொங்கட்டும், கமரா லென்ஸில் தொங்கட்டும். 600 மி.மீ. எஃப்/4 போன்ற பெரிய லென்ஸ்களில் பட்டி மாட்டும் காதுகளை லென்ஸிலேயே வைத்துத் தருகிறார்கள். காரணம் இதுதான்.

என்னுடைய 70-300 லென்ஸில் பாதமே இல்லையே?
— வாசகி, மல்லாவி

அப்படியென்றால் கவலை வேண்டாம், கமராவிலேயே மாட்டுங்கள். பாதத்தோடு வந்த லென்ஸ் பாதத்தில், பாதம் இல்லாமல் வந்தது கமராவில். செய்தவர்களே கணக்குப் பார்த்துத்தான் தந்திருக்கிறார்கள்.

கலியாண வீடுகளுக்கு 70-200 லென்ஸோடு போகிறேன். அடியில் திருகிப் பூட்டும் தோள்பட்டி. போன மாதம் மணவறைக்குப் பக்கத்தில் திருகாணி கழன்று, கமரா முழங்காலில் பட்டுக் கையில் அகப்பட்டது. இனி அந்தப் பட்டியை நம்பலாமா?
— படப்பிடிப்பாளர், புதுக்குடியிருப்பு

நம்பலாம், ஆனால் தனியே அதை மட்டும் நம்பக்கூடாது.

உலகம் முழுக்கக் கமராவின் அடித்துளை கால் அங்குலத் திருகாணிக்கே செய்யப்படுகிறது. நீங்கள் நடக்க நடக்கக் கமரா இடுப்பில் ஆடிச் சுழலும். ஒவ்வொரு சுழற்சியும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். மேலே உள்ள சுழல்கொக்கி அந்தத் திருப்பத்தை வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. தூசியும் வியர்வை உப்பும் சேர்ந்து அது இறுகினால் திருப்பம் முழுதும் திருகாணிக்கே போகும். எனவே முதலில் கொக்கியை விரலால் சுழற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழலாவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அடுத்தது, திருகாணித் தலைக்கும் கமராவுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் வாசர். அது தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டும் யோசனை வேண்டாம், பிறகு முக்காலியில் ஏற்ற முடியாது.

மூன்றாவதுதான் பெரிய காரியம்: இரண்டாவது பிணைப்பு. தோள்பட்டிக் கொக்கியிலிருந்து கமராக் காதுக்கு ஒரு சாண் நீளத்தில் பலமான நைலோன் கயிறு ஒன்று. வேலைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். திருகாணி கழன்றாலும் கமரா நிலத்துக்குப் போகாது, கயிற்றில் நிற்கும். விலை ஒரு சாப்பாட்டுப் பார்சல்கூட வராது. காப்பாற்றப்போவது உங்கள் வீட்டு அடுப்பை எரிக்கும் தொழிலை.

இன்னொன்று. சில 70-200 லென்ஸ்களின் பட்டை, குமிழைத் தளர்த்தினால் கீல் போல முழுதாகத் திறக்கும். பாதத்தில் பட்டி மாட்டியிருந்தால், குமிழ் தளர்ந்த அன்று பட்டை உங்கள் தோளில் இருக்கும், லென்ஸ் நிலத்தில் கிடக்கும். நிமிர்த்தி எடுக்கக் குமிழைத் தளர்த்திய ஒவ்வொரு முறையும், கமராவைக் கீழே விடுமுன் இறுக்குங்கள். விரல் தானாகப் போகும் பழக்கமாக்குங்கள்.

கொக்கி இல்லாத சாதாரணப் பட்டிதான் என்னிடம். அதன் முனையை எப்படிக் கோப்பது? எனக்கு அடிக்கடி நழுவுகிறது.
— ஆசிரியர், மாங்குளம்

நழுவினால் ஒரு கோர்வை குறைகிறது. முனையை முதலில் கமராக் காதுக்குள் விடுங்கள். திருப்பி எடுத்துப் பிளாஸ்டிக் வளையத்துக்குள் கொண்டுவந்து, பிறகு கொளுக்கியின் இரண்டு பிளவுகளிலும் ஏற்றி இறக்குங்கள். பலர் செய்வது, முனையைக் கொளுக்கியின் வெளிப்பக்கத்தில் தொங்கவிடுவது. அது இரண்டு பட்டிக்கும் நடுவில், உள்பக்கமாக வரவேண்டும். பாரம் இழுக்கும்போது மேல்பட்டி கீழ்ப்பட்டியை அமத்திப் பிடிக்கும். வால் குறைந்தது மூன்று விரல் அகலம் மிஞ்சட்டும். கோத்து முடித்ததும் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஒரு நூல்கூட அசையக்கூடாது.

மோட்டார் சைக்கிளில் போகும்போது கமராவை நெஞ்சில் தொங்கவிட்டால் வழியில் பறவை கண்டவுடன் எடுக்கலாமே?
— வாசகர், ஒட்டுசுட்டான்

வேண்டாம். விழுந்தால் முதலில் நிலத்துக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் நடுவில் வருவது அந்த மூன்று கிலோதான். குறுக்கே போட்ட பட்டி ஹான்டிலில் மாட்டினால் உங்களை வண்டியோடு இழுத்துப் போகும். பெற்றோல் தாங்கியின் மேலும் வைக்க வேண்டாம், வெக்கையும் அதிர்வும் லென்ஸின் உள்ளே இருக்கும் திருகாணிகளைத் தளர்த்தும். முதுகுப்பையில், துவாய் சுற்றி, லென்ஸ் முகம் கீழே பார்க்க வையுங்கள். கிரவல் ரோட்டில் ஓடி இறங்கினால், முதலில் செய்ய வேண்டியது எல்லாத் திருகாணியையும் ஒரு தரம் விரலால் தொட்டுப் பார்ப்பது. ஏ-9இல் பஸ்ஸில் வருபவர்கள் மேல்தட்டில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொங்கவிட்டு நடந்தால் 200-500 லென்ஸ் தானாக நீண்டுவிடுகிறது. பழுதா?
— வாசகர், நெடுங்கேணி

பழுதல்ல, பாரம். பக்கவாட்டில் பூட்டுப் பொத்தான் இருக்கும். 200இல் சுருக்கிப் பூட்டிவிட்டு நடவுங்கள். நீண்டபடி தொங்கும் குழல் வேலிக்கட்டையில் ஒருமுறை இடித்தால் போதும், உள்ளே வளையும். முன்னால் உள்ள மறைப்பையும் முன்னோக்கிப் பூட்டியே வையுங்கள். அடிபட்டால் அது உடையட்டும், கண்ணாடி உடையவேண்டாம்.

கொக்கிளாய்க் களப்பில் வள்ளத்தில் போய்ப் படம் எடுக்க ஆசை. பட்டியைக் குறுக்கே போட்டால் தண்ணீரில் விழாதுதானே?
— மாணவி, வவுனியாப் பல்கலைக்கழகம்

கமரா விழாது தங்கச்சி. நீங்கள் விழுந்தால் அது உங்களோடு வரும், அதுதான் ஆபத்து. வள்ளம் கவிழ்ந்தால் மார்பில் குறுக்கே இறுகிய மூன்று கிலோவைத் தண்ணீருக்குள் கழற்றுவது யாருக்கும் இலகுவல்ல. கரையில் குறுக்கே போடுங்கள், வள்ளத்தில் போடாதீர்கள். மிதப்புச் சட்டை உங்களுக்கு, நீர்புகாப் பை கமராவுக்கு. எடுக்கும் நேரத்தில் இருந்தபடியே எடுங்கள், பட்டியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கை விட்டால் கழன்றுவிட வேண்டும். கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம், பறவைக் கூட்டத்துக்குள் வள்ளத்தை விடச் சொல்லி ஓட்டியை நெருக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பட்டியையும் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். உப்பு கொக்கியைத் தின்னும், வெயில் நைலோனைத் தின்னும்.

கமராப் பட்டியைப் பற்றி எழுதுகிறீர்கள். மிதிவெடியைப் பற்றி ஏன் எழுதவில்லை?
— வாசகர், பளை

கேட்டதற்கு நன்றி. இந்தப் பக்கத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் அமைப்புகளின் பணியாளர்கள், அவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்ப் பெண்கள், முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் துப்புரவாக்கினார்கள். உங்கள் பக்கத்து முகமாலை எத்தனை ஆண்டுகளை விழுங்கியது என்பது உங்களுக்கே தெரியும்.

மிஞ்சியிருக்கும் ஆபத்தில் பட்டிக்கும் பங்குண்டு. நெஞ்சில் தொங்கும் பெரிய லென்ஸ் உங்கள் காலடியை உங்களுக்கே மறைக்கும். கண்ணைக் கமராவில் வைத்தபடி, சட்டத்துக்குள் பறவை அடங்கவில்லை என்று பின்பக்கமாக இரண்டு அடி வைப்பதும் நம் எல்லோருக்கும் வருகிற பழக்கம். வன்னியில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடக்கும்போது கமரா இடுப்பின் பக்கவாட்டில் அல்லது முதுகில் இருக்கட்டும், கண் நிலத்தில் இருக்கட்டும். எடுப்பதென்றால் நின்று எடுங்கள். சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். லென்ஸ் மூடி உருண்டு பற்றைக்குள் போனால் போகட்டும், மூடி கடையில் கிடைக்கும். அடையாளம் தெரியாத இரும்பு கண்டால் தொடாமல், கிட்டப்போய்ப் படமும் எடுக்காமல், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகிறேன், போராட்டங்களுக்கும் போகிறேன். நெரிசலில் யாராவது பட்டியைப் பிடித்து இழுத்தால்?
— செய்தியாளர், முல்லைத்தீவு

இரண்டும் ஒரே நெரிசல் அல்ல. வற்றாப்பளை அம்மன் வாசலில் யாரும் உங்களை வேண்டுமென்று இழுக்கமாட்டார்கள். அங்கே பட்டியைக் குறுக்கே போட்டு, கமராவை முன்பக்கம் கொண்டுவந்து, ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு சனத்தோடு நகருங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலைமட்டத்தில்தான் உங்கள் லென்ஸ் ஆடும், அதை மறக்கவேண்டாம்.

மற்றது வேறு. 2020 ஒக்டோபரில் முறிப்பில் மரக்கடத்தலைப் பதிவுசெய்யப் போன இரண்டு முல்லைத்தீவுச் செய்தியாளர்கள் தாக்கப்பட்டார்கள். அப்படியான இடத்தில் கழுத்துப்பட்டி எதிரியின் கையில் கிடைத்த சுருக்குக் கயிறு. ஒற்றைத் தோளில் போடுங்கள், அல்லது ஒரு அமத்தலில் கழலும் கொளுக்கி உள்ள பட்டியாக வாங்குங்கள். இழுத்தால் விட்டுவிடுங்கள். படம் நினைவட்டையில் இருக்கிறது, அட்டையை அடிக்கடி மாற்றி வேறிடத்தில் வைத்திருந்தால் கமரா போனாலும் செய்தி போகாது. உங்கள் உயிருக்கு ஈடான படம் என்று ஒன்று கிடையாது.

கழுத்து வலி. பட்டியை மாற்றினால் போகுமா?
— வாசகி, வவுனியா

கழுத்திலிருந்து தோளுக்கு மாற்றுங்கள், குறுக்கே போடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை தோளையும் மாற்றுங்கள். நிற்கும் நேரமெல்லாம் ஒரு கையை லென்ஸுக்குக் கீழே கொடுங்கள். கை விறைத்தால் பட்டியைப் பற்றிக் கதைக்க வேண்டாம், வைத்தியரிடம் போங்கள்.

கடைப்பட்டி விலை கூட. சந்தையில் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் பட்டி தைத்து வாங்கலாமா?
— மாணவன், பரந்தன்

தாராளமாக. அகலமான நைலோன் பட்டியை அறுப்பது லேசல்ல, நல்ல கையால் சதுரமும் குறுக்குமாகத் தைத்த தையலும் பிரியாது. அறுவது எப்போதும் கொக்கி. விலை கொடுத்து வாங்க வேண்டியது அதை மட்டும்தான். வாய் தானாகத் திறக்காதபடி திருகிப் பூட்டும் கொக்கி பாருங்கள். தைத்து முடிந்ததும் பத்து லீற்றர்த் தண்ணீர்க் கானை அதில் கொழுவி வேப்பங்கொப்பில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் கானை ஆட்டி, வெடுக்கென்று தூக்கியும் விடுங்கள். தையலோ கொக்கியோ கொஞ்சம் அசைந்திருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பின்னேரங்களில் வட்டுவாகல் பாலத்தில் நின்று நந்திக்கடல் பறவைகளை எடுப்பேன். என் ஆறு வயது மகள் தானும் கமராவில் பார்க்க வேண்டும் என்று நிற்கிறாள். கையில் கொடுக்கலாமா?
— தகப்பன், முள்ளிவாய்க்கால்

காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். பாலத்தில் வாகனம் ஓடும், கரையில் ஓரமாக ஓர் இடம் பாருங்கள். நீங்கள் முழங்காலில் இருங்கள், பட்டி உங்கள் தோளிலேயே கிடக்கட்டும், பாரம் முழுதும் உங்கள் கையில். அவள் கண்ணை மட்டும் வைக்கட்டும். லென்ஸை 200இல் வையுங்கள், 500இல் பறவை எங்கே என்று பிள்ளை தேடிக் களைத்துவிடும். பட்டியை அவள் கழுத்தில் ஒரு நொடிகூடப் போடவேண்டாம். அந்தக் கரையிலிருந்து களப்பு மேற்கே விரிகிறது, பின்னேரச் சூரியனும் அங்கேதான். கண்ணாடி வழியே பார்க்கும் கமராவென்றால் அந்த லென்ஸ் சூரியனை நேரே கண்ணுக்குள் குவித்துவிடும். காலையில் கூட்டிக்கொண்டு போங்கள், சூரியன் உங்கள் முதுகில் இருக்கும்.