வெண்டைக்காயும் தியானமும்

கேள்வி: சமையல், டிபன் பாக்ஸ், பஸ் என்று காலையில் ஓட்டம்தான். தியானத்துக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. மன அமைதிக்கு என்ன வழி?

பதில்: உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்து, 1950-ல் மறையும்வரை அந்த ஊரைவிட்டு நீங்காத ரமண மகரிஷி, பல வருஷங்கள் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்கினார். வெளிநாட்டார் கடல் கடந்து தேடி வந்த மௌனம், காய்கறிக் கூடைக்கு முன்னாலும் உட்கார்ந்திருந்தது!

நாளைக்கு வெண்டைக்காயை நறுக்கும்போது வெண்டைக்காயை மட்டும் நறுக்குங்கள்; மேனேஜரையும் சேர்த்து நறுக்க வேண்டாம். செல்போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். (குக்கர் விசிலைக் கவனமாக எண்ணுவதும் ஜபம்தான் என்று நம்புகிறவன் நான்.) பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், இரண்டு ஸ்டாப்பாவது சும்மா உட்கார்ந்து வாருங்கள்.