எழுத்தாளர், சென்னை 600100

மேடவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடும் எழுத்தாளருக்கு முதல் விமரிசகர் வீட்டு ஓனர்தான். "சார் என்ன பண்றீங்க?" என்பார். "எழுத்தாளர்" என்று காதில் விழுந்ததும் ஓனர் முகம் மலர்ந்துவிடும். "டாகுமெண்ட் ரைட்டரா? உக்காருங்க சார், காபி சாப்பிடுங்க." வயலும் தோப்பும் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, அடுக்குமாடி கைமாறிக்கொண்டே இருக்கிற வட்டாரம் இது. இங்கே எழுதிப் பிழைப்பவர் என்றால் பத்திரம் எழுதுகிறவர்தான். "இல்லைங்க, கதை, கட்டுரை எழுதுறேன்" என்று நமது எழுத்தாளர் சொன்னதும், புறப்பட்ட காபி அடுக்களையிலேயே நின்றுவிடும். அடுத்த கேள்வி: "அது சரி சார், வேலைக்கு எங்க போறீங்க?"

இந்தக் கேள்விக்குத் தமிழ் எழுத்தாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாரதியாருக்கே 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் கிடைத்தது, லீவில் போனவருக்குப் பதிலாகச் சில மாதம் பார்த்த தற்காலிகத் தமிழாசிரியர் வேலை. அங்கிருந்து சென்னைக்கு வந்து 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். பிறகு எத்தனையோ நடந்து முடிந்து, 1920இல் பதிப்பாளராகப் பார்த்தார். தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பதாகத் திட்டம். நண்பர்கள் ஆளுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் தர வேண்டும். மாதம் நூற்றுக்கு 2 வட்டி. ஆக மொத்தம் 4 லட்சம் பிரதி! சுற்றறிக்கை ஊரெல்லாம் போயிற்று. பணம்தான் வரவில்லை. அதே வருஷம் பழைய சுதேசமித்திரன் வேலைக்கே திரும்பினார்.

நமது எழுத்தாளரிடம் அவருடைய பதிப்பாளர் சொன்ன எண்ணிக்கை நூறு. "இப்பல்லாம் பிரிண்ட் ஆன் டிமாண்ட் சார். தேவைப்பட்டா மறுபடி நூறு போட்டுக்கலாம்." அந்தத் தேவை யாருக்கு ஏற்படும் என்பதை மட்டும் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பு போட வேண்டும். 'சென்னையில் வசிக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார். தபால் இலாகாவைப் பொறுத்தவரை அது உண்மை. மேடவாக்கம் சென்னை 600100தான். வருவாய்த் துறையைப் பொறுத்தவரை அது செங்கல்பட்டு மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பக்கத்துச் செம்பாக்கமெல்லாம் மாநகரமாகிவிட, மேடவாக்கம் ஊராட்சியாகவே நின்றது. இதைக் கேட்டதும் பதிப்பாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்ப கிராமத்தில் வசிக்கிறார்னே போட்டுடலாமா சார்? மண்வாசனை இருக்கும்." எழுத்தாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. 'சென்னையிலேயே' இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

மெய்ப்புப் பார்க்க ராயப்பேட்டைக்குப் போக வேண்டும். இது படிப்பதற்குச் சுலபமான வாக்கியம். 2022 மே மாதம் திறந்த மேடவாக்கம் மேம்பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகிறவர்கள் மேடவாக்கத்தைக் கண்ணால் பார்க்காமலே தாண்டிவிடலாம். மேடவாக்கத்துக்காரர்கள் மட்டும் அதன் அடியில் நின்று, மேலே போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். போதாததற்கு மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வேலை வேறு. பஸ்ஸில் தொற்றி வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, பிறகு ஷேர் ஆட்டோ, பாக்கி நடை. ஒரு சிறுகதையை முழுக்க மனசுக்குள் எழுதி, திருத்தி, பிடிக்காமல் கிழித்தும் போட்டுவிடலாம், அவ்வளவு நேரம்.

டிடிபி அறையில் ஒரு நாள் நடந்தது இது. நாவலின் கதாநாயகன் பெயர் ராஜா. பதிப்பாளரின் மச்சான் பெயரும் அதுவே. நாவலில் வரும் ராஜா சீட்டுப் பணத்தோடு ஓடிப்போகிறவன். வீட்டில் வீண் வம்பு வேண்டாம் என்று பெயரைக் குமார் என்று மாற்றச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி கெட்டிக்காரர். ஃபைண்ட், ரீப்ளேஸ், ஓகே. அரை நொடியில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து பிரிண்ட்-அவுட்டைப் படித்தபோது, கதாநாயகன் டீக்கடையில் இளையகுமார் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பாரத்தில் அவன் அப்பா குமார்ஜி காலத்து மதுவிலக்கைப் பற்றிப் பேசினார். மறுநாள் மறுபடி பஸ், மறுபடி பறக்கும் ரயில்.

இதற்கெல்லாம் அலுத்துக்கொள்ள முடியாது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதான் 1887இல் சீவக சிந்தாமணியைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். புத்தகம் வாங்கிக்கொள்கிறோம் என்று கையொப்பம் போடுகிறவர்களை முன்கூட்டியே தேடிப் பிடித்தார். அந்த ஏற்பாட்டுக்கு இன்றைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று பெயர். அதே வேலைதான், வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கையொப்பம் இருந்த இடத்தில் இப்போது கட்டைவிரல் இருக்கிறது. கட்டைவிரல் காட்டுகிறவர்கள் பணம் அனுப்புவதில்லை.

அடுத்து அஞ்சல். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் எந்தப் புத்தகம் வந்தாலும் வெளியிட்டவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்; சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொன்று. ஆக, என்ன எழுதினாலும் நான்கு பிரதி போய்ச் சேர இடம் உண்டு என்பது தமிழ் எழுத்தாளருக்கு அரசாங்கம் தந்திருக்கும் உத்தரவாதம். மற்ற பிரதிகளைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவரே அனுப்புகிறார். 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து பார்சலின் எடை ஏற ஏற நமது எழுத்தாளரின் நடை சுருங்கிக்கொண்டே வருகிறது. 400 பக்க நாவல் எழுதுகிறவர்களைத் தபாலாபீஸ் கவுண்டரில் நின்று பார்த்தால்தான் அவர்களுடைய துணிச்சல் புரியும்.

தபால் செலவைக் கணக்குப் பார்ப்பதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் அல்லர். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். பத்திரிகைகளில் வந்த செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. பேப்பரைக் கிழித்துக்கொண்டு சும்மா இருக்கும் பிள்ளை என்று நினைத்து, ஆளாளுக்கு அவர் அறைக்கு வந்து உபதேசம் செய்துவிட்டுப் போவார்களாம். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று சிறுகதைப் போட்டி அறிவித்தது. கதையை அங்கே அனுப்பத் தபால் தலைக்கே கணிசமாக ஆகுமே, அந்தப் பத்திரிகை எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துக்கொள்வோம் என்று பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போனார். பத்திரிகை 'என்கவுண்டர்', ஆசிரியர் ஸ்டீஃபன் ஸ்பெண்டர். அவர் ஒரு முறை ஜெமினிக்கு வந்து பேசி, ஒருவருக்கும் ஒன்றும் புரியாமல் போன அதே வெள்ளைக்காரக் கவிஞர்! அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதிய இந்த அனுபவம் இப்போது என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். அவர் கடைசியாக இருந்தது வேளச்சேரியில். 2017 மார்ச்சில் அங்கேதான் மறைந்தார். இந்தத் தென்புறத்து எழுத்தாளர்களுக்கெல்லாம் அவர் அக்கம்பக்கத்துப் பெரியவர்.

விற்பனை என்று வந்தால் சி.சு.செல்லப்பாவைத் தாண்ட ஆள் இல்லை. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர், புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். 'சுதந்திர தாகம்' நாவலைச் சொந்தமாகவே வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாதமி விருது 2001இல் வந்தது. அவர் 1998லேயே போய்விட்டார்.

நமது எழுத்தாளரும் பை வைத்திருக்கிறார். இலக்கியக் கூட்டங்களுக்கு அது கூடவே வரும். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, இவ்வளவு தூரமா என்று சென்னைவாசிகள் அலுத்துக்கொண்டார்கள். மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் சந்தோஷம். கோயம்பேடு வரை போய், பஸ் பிடித்து, அதே பஸ்ஸில் தாம்பரம் வழியாகத் திரும்பி வரும் தலையெழுத்து தீர்ந்தது.

தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கூட்டம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தே போனார். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பொன்னாடை போர்த்தினார்கள். புறப்படும்போது அமைப்பாளர் தனியாக அழைத்து, "ஐயா, இதை மறுக்கக் கூடாது" என்று கனமான கவர் ஒன்றைக் கையில் திணித்தார். எழுத்தாளர் முறைப்படி மறுத்து, முறைப்படி வாங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்ததும் பிரித்துப் பார்த்தார். அமைப்பாளரின் கவிதைத் தொகுப்பு! உள்ளே ஒரு சீட்டு: 'தங்கள் மேலான விமரிசனத்தை எதிர்நோக்கி.'

அசோகமித்திரனை 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அழைத்து, மாதக்கணக்கில் தங்கவைத்து, 'ஒற்றன்' நாவலுக்கு வழிசெய்தது. நாஞ்சில் நாடனை ஊர் ஊராக அலையவிட்டது இலக்கியம் அல்ல. விற்பனைப் பிரதிநிதி வேலை. மாதச் சம்பளமும் பயணப்படியும் வாங்கிக்கொண்டு ஊர் பார்த்து, வீட்டுக்கு வந்து எழுதினார். 2010இல் சாகித்ய அகாதமி விருதும் வந்தது. நமது எழுத்தாளர் இந்த வழியைத்தான் நெடுநாள் யோசித்தார். வேலைதான் முதலில் வேண்டும்.

மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் எழுத்தாளருக்கு 2641 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அது தொழில்தான், சந்தேகமில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்து வருகிறார். தமிழுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம், செம்மொழித் தமிழாய்வு நிறுவனம், பக்கத்துப் பெரும்பாக்கத்தில் 2022 ஜனவரியில் புதுக் கட்டடம் கண்டது. மேடவாக்கத்திலிருந்து நடந்தேகூடப் போய்விடலாம். ஆனால் அதன் அக்கறை கி.பி. 600க்கு முந்தைய 41 நூல்கள். நமது எழுத்தாளர் 1,400 வருஷம் தாமதம்.

மிச்சமிருப்பது ஓஎம்ஆர். கண்டெண்ட் ரைட்டர் வேலைக்கு ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். எச்ஆர் பெண் அவர் மகள் வயது.

"எக்ஸ்பீரியன்ஸ் சொல்லுங்க சார்."

"மூணு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல்மா."

"அது இல்ல சார், கம்பெனி எக்ஸ்பீரியன்ஸ்."

"நாவல்ல ஒரு கம்பெனி வருது."

அந்தப் பெண் நல்ல மாதிரி, சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "கரண்ட் சிடிசி எவ்வளவு சார்?" எழுத்தாளர் யோசித்தார். கடைசியாக வந்த ராயல்டி கணக்கில், அவரே எடுத்துக்கொண்ட பிரதிகளின் விலையைக் கழித்ததில் அவர்தான் பதிப்பகத்துக்குப் பாக்கி. "மைனஸ்ல வருதும்மா" என்றார். "எக்ஸ்பெக்டேஷன்?" "பிளஸ்ல எதுவா இருந்தாலும் சரி."

பிறகு எழுத்துத் தேர்வு. பள்ளிக்கரணைப் பக்கம் கட்டும் அடுக்குமாடிக்கு விளம்பர வாசகம் எழுத வேண்டும். 'லேக் வியூ' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தச் சதுப்புநிலம் தெரியும். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். தென்சென்னையின் மழைத்தண்ணீர் வடிந்து வந்து நிற்கிற இடம். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் இந்தப் பக்கம் பார்த்தவர் அவர். மனசாட்சிப்படி ஒரே வரி எழுதினார்: 'ஏரியைப் பார்க்க நீங்கள் போக வேண்டாம், டிசம்பரில் ஏரியே உங்களைப் பார்க்க வரும்.' அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "சூப்பர் சார், செம கிரியேட்டிவ்!" என்றார் மேனேஜர். "ஆனா கிளையண்ட்டுக்குக் காட்ட முடியாது. நாங்களே கூப்பிடுறோம்." மேனேஜர் அந்த வரியை மட்டும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்.

ஆகவே மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நாவல் வெளிவந்துவிட்டது. "நம்ம ஊர் ரைட்டராச்சே, ஒரு காப்பி குடுங்களேன் சார், படிச்சிட்டுத் தர்றேன்" என்று கூட்ரோட்டில் மடக்காதீர்கள். இலவசமாகப் படிக்க விரும்புவோர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம். சட்டப்படி ஒரு பிரதி அங்கே அனுப்பியாகிவிட்டது. மற்றவர்களுக்கு விலை 220 ரூபாய். ஜிபே உண்டு. கூரியர் செலவு தனி.