பித்தளைப் பூண்

2019இல் சென்னை ஐ.ஐ.டி. ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை வெளியிட்டது. நடக்க முடியாதவரும் அதில் உட்கார்ந்தபடியே கையால் இயக்கி எழுந்து நிற்கலாம். அதன் வீடியோவைப் பார்த்த வேகத்தில், மூன்றாமாண்டு ப்ராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேர் கைத்தடியைப் பிடித்துக்கொண்டோம். அவர்கள் ஆளையே நிமிர்த்திவிட்டார்கள், நமக்கு ஒரு கம்பு என்ன பிரமாதம் என்ற தெனாவட்டு.

சோதனைக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. என் அப்பத்தாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். கைப்பிடியில் பழைய சேலைத் துணி சுற்றி, நுனியில் ரப்பர் புஷ் மாட்டிய மூங்கில் கம்பு வைத்திருந்தாள். ‘முதுமையைக் காட்டிக்கொடுக்கும் வடிவமைப்பு’ என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அப்பத்தாவுக்கு அப்போது 78.

கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். இதைப் படித்துத்தான் வைத்திருந்தேன். “நிமிர்ந்து நில்லு அப்பத்தா” என்றேன். போட்டோவுக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளந்து முடித்ததும் பழையபடி கூனிவிட்டாள். நான் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தேன். தடி இரண்டு அங்குலம் கூடுதலாக வந்தது.

தேக்குக் கைப்பிடி, கறுப்பு அலுமினியக் குழாய், டார்ச், சைக்கிள் மணி. ரப்பர் புஷ் கட்டில் காலை ஞாபகப்படுத்தியதால் அதைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று பித்தளைப் பூண் போட்டேன். அப்பத்தா தடியை இடது கையில் வாங்கினாள். “வலிக்கிற பக்கம்ல ஊனணும்” என்று வலது கைக்கு மாற்றிவிட்டு, எப்படி நடப்பது என்று நானே நடந்து காட்டினேன். மொசைக் தரையில் அப்போதுதான் ஈரத்துணி போட்டிருந்தார்கள். நான் போய் விழுந்த இடம் அண்டாவுக்குப் பக்கத்தில்.

“மணி நல்லா அடிக்குதுடா” என்றாள் அப்பத்தா.

ரிவ்யூவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்திருந்தார். “வலது முட்டி வலிக்குன்னா தடி ஏன் வலது கையில இருக்கு?” என்று கேட்டார். எதிர்க்கையில் ஊன்றினால்தான் வலிக்கிற கால் தரையில் பதியும்போது பாரத்தைத் தடி பகிர்ந்துகொள்ளும், அந்தப் பக்கத்து இடுப்புத் தசைக்கும் வேலை குறையும் என்று படம் போட்டு விளக்கினார். யாரும் சொல்லித்தராமலே மூன்று வருஷமாகச் சரியாக ஊன்றி நடந்த மனுஷியை நான் உட்காரவைத்துத் திருத்தியிருக்கிறேன்.

மார்க் என்னவோ நன்றாகவே வந்தது. தடியோடு அப்பத்தா நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கித் துறை வராந்தாவில் மாட்டினார்கள். போன மாதம் போனபோதும் பார்த்தேன். நல்ல ஃப்ரேம். தடி இன்னும் வலது கையில்தான் இருக்கிறது.