மனசுக்கும் ஓ.பி. சீட்டு உண்டு

? எந்நேரமும் அசதி. வீட்டில் 'சோம்பேறி' என்கிறார்கள். இது மனச்சோர்வா?
*வாசகி, திண்டிவனம்*

சோம்பேறிக்குப் படுக்கை இனிக்கும். உங்களுக்கு இனிக்கிறதா? ஆசையாகப் பார்த்த சீரியல்கூடப் பிடிக்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சோறு இறங்கவில்லை. இப்படி இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டும் இரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும். அதனால் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம்.

? மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?
*வாசகர், பரமக்குடி*

ஊர் நாலும் சொல்லும். சர்க்கரைக்கு ஊரைக் கேட்டா மாத்திரை போடுகிறீர்கள்? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி, எல்லாரையும் போல வரிசையில் நில்லுங்கள்.

? மனச்சோர்வு மாத்திரை ஐந்து நாளாகப் போடுகிறேன். பலனே இல்லை. நிறுத்திவிடவா?
*வாசகர், நாகர்கோவில்*

கூடாது. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அதற்கு முன்பே குமட்டல் எட்டிப் பார்க்கும். பாதிப் பேர் நிறுத்துவது அந்த இடைவெளியில்தான் என்பது என் ஆதங்கம். தொந்தரவு அதிகமானால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். குணமான பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

? பிளஸ் டூ படிக்கும் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுகிறான்.
*ஒரு தந்தை, உடுமலை*

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு டீக்கடை வரை போய் வாருங்கள். முகம் பார்க்காதபோது வாய் திறக்கும். மார்க் பேச்சு வேண்டாம். அவன் சொல்வதைக் கேட்டு முடித்ததும் அறிவுரையும் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களையும் ஒதுக்கினால், டாக்டரிடம் கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

? 'செத்துடலாம் போலிருக்கு' என்று தோழி அடிக்கடி சொல்கிறாள். நானே அதைப் பற்றிக் கேட்டால் தூண்டிவிட்டதாகாதா?
*வாசகி, மன்னார்குடி*

ஆகாது. "தற்கொலை எண்ணம் வருதாடி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. கேட்க ஆளிருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆமென்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஏதாவது நடந்துவிட்டால் 'போலீஸ் கேஸ் ஆகுமே' என்று ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். முயன்று பிழைத்தவரைத் தண்டிப்பதல்ல, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதே அரசின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.