குறுவைக் காலத்துக் கணினி மறுபிறப்புகள்: ஓர் ஆய்வு

குறுவைக்கு நாற்றங்கால் விடும் நாட்களில், திருவையாறு பக்கத்து வீடொன்றின் மேசைக் கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து, தானே மறுபடி எழுந்தது. அதே நாட்களில் நள்ளிரவிலும் ரவுட்டரின் விளக்கு ஓயாமல் சிமிட்டியது. இரண்டையும் முடிச்சுப் போட்டு அவ்வீட்டில் மூன்று கோட்பாடுகள் தோன்றின.

முதலாவது, பெரியப்பாவின் சீனக் கோட்பாடு. "கூடங்குளத்துலயே பூந்துட்டான், நம்ம வீடு எம்மாத்திரம்?" என்பது அவர் காட்டும் சான்று. 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது உண்மை. ஆய்வாளர்கள் அதை வடகொரியக் குழுவோடுதான் தொடர்புபடுத்தினார்கள். பெரியப்பாவுக்கு அதெல்லாம் சின்ன வித்தியாசம். இவ்வீட்டுக் கணினியில் உள்ள ஒரே ரகசியமோ நகைக்கடன் ரசீதின் ஸ்கேன்.

இரண்டாவது, பெரியம்மாவின் கண்ணேறு கோட்பாடு. மானிட்டருக்கு மேல் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கியும் பலனில்லாமல் கைவிடப்பட்டது. மூன்றாவது, விடுமுறைக்கு வந்த பேரனின் வைரஸ் கோட்பாடு. முன்னோர் மரபைப் பார்த்தால், 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழுவின் தாக்குதலில்கூட 60 விநாடி கெடு காட்டித்தான் விண்டோஸ் அணைந்தது. இங்கே ஒரு விநாடியும் கிடைக்கவில்லை. அந்த மரியாதைக் குறைவே முதல் தடயம்.

ஈவன்ட் வியூவரின் பதிவுகளைப் பெரிய கோயில் அதிட்டானத்துக் கல்வெட்டைப் படிக்கும் பொறுமையோடு படித்தோம். அப்டேட்டோ ஆளோ முறைப்படி உத்தரவிட்டிருந்தால், 1074 என்ற எண்ணில் உத்தரவிட்டவர் விவரம் பதிவாகும். அது இல்லை. இருந்தது 41. ஒழுங்காக மூடாமல் கணினி எழுந்தது என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. நேரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோது பொறி தட்டியது. எல்லாமே த்ரீ பேஸ் வரும் நேரம்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருமுன் நாற்றங்காலுக்கு பில்டர் பாயிண்ட் மோட்டாரே கதி. ராத்திரி எழுந்து போக அலுத்துப்போய், ஊரே ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' மாட்டியிருக்கிறது. த்ரீ பேஸ் வந்ததும் ஒரு டிரான்ஸ்பார்மரின் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் கணத்தில் ஒவ்வொன்றும், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 230 வோல்ட் படுத்துவிடும்; கூடத்து ட்யூப்லைட் துடிக்கும். கணினியின் எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 20 மில்லி விநாடி. நடுவில் யூ.பி.எஸ். இருந்ததே என்பீர்கள். இருந்தது, அதன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

ரவுட்டர் சிமிட்டல் தனி வழக்கு. நெட்ஸ்டாட் காட்டிய எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால், அகப்பட்டது விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன். அனுமதி இருந்தால், தான் இறக்கிய அப்டேட்டை முகம் தெரியாத கணினிகளுக்கும் பங்கு வைக்கும் ஏற்பாடு அது. செட்டிங்ஸில் நிறுத்தியதும் விளக்கு அடங்கியது.

பெரியப்பா தம் கோட்பாட்டை இன்னும் திரும்பப் பெறவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆன்டிவைரஸுக்குச் சந்தா கட்டுமுன், மேசைக்கடியில் கிடக்கும் யூ.பி.எஸ். பேட்டரி எந்த வருஷத்தது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.