மாட்டையும் கேளுங்கள்

கேள்வி: பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தை மாடுகள் இழுப்பது பக்தியா, வதையா? (வாசகர், பாகான் டாலாம்)

பதில்: மாட்டைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். நுகத்தடி பட்ட கழுத்தில் புண் இருக்கிறதா? வாயில் நுரை தள்ளுகிறதா? தண்ணீர் காட்டினார்களா? வழியில் மாற்று மாடுகள் உண்டா? வேண்டுதல் வைத்தது நாம். மாடு எந்த நேர்த்திக்கடனும் நேரவில்லை. 2017-இல் பினாங்குக்கு வந்த தங்க ரதத்தைப் பக்தர்களே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இழுக்கிறார்கள். முருகன் கோபித்ததாகத் தகவல் இல்லை! மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டப்படி, வதைத்தால் அபராதமே 20,000 ரிங்கிட்டில் தொடங்கும். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. மாட்டின் மீதான இந்த அக்கறை பால்குடம் எடுப்போருக்கும் வேண்டும். பால் வாங்கும்போதே கேளுங்கள், கன்றுக்கு மடியில் மிச்சம் விட்டீர்களா என்று.